கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீல்

காளாப்பட்டில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சில கிலோமீட்டர் போனால் கீழ்புத்துப்பட்டு. ஐயனார் கோயிலுக்குப் போய்வரும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அந்த ஊரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பதும் நமக்குத் தெரியும். நம் வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடிக்க வந்தவர் அந்த முகாமிலிருந்து வந்தவராக இருக்கலாம். முகாமில் பெயர் கூப்பிடும் நாளில் வேலையை விட்டுவிட்டுத் திரும்பியாக வேண்டிய கட்டாயம் அவருக்கு உண்டு. சட்டம் சொல்லித்தரும் இடமும் சட்டம் தெரிந்தவர் துணை மிகவும் தேவைப்படும் இடமும் ஒரே சாலையில், ஒரே பேருந்துத் தடத்தில் இருக்கின்றன. ஆனால் அந்தத் துணை அங்கே போய்ச் சேருவதில்லை.

புதுச்சேரி வழக்கறிஞர்களே, சட்டம் படிக்கிற பிள்ளைகளே, பிரான்சில் மகனையும் மகளையும் வைத்திருக்கிற பெற்றோரே, உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். ஒரு மனிதர் இந்த மண்ணில் இருக்கலாமா, போக வேண்டுமா என்று முடிவாகிற எந்த விவகாரத்திலும் அவர் வக்கீல் இல்லாமல் தனியாக நிற்கக் கூடாது. திருடினார் என்று குற்றம் சாட்டப்பட்டவருக்குக்கூட, கையில் காசில்லை என்றால் அரசுச் செலவில் வக்கீல் வைக்கிறோம். வாழ்க்கை முழுவதையும் வேரோடு பிடுங்கக்கூடிய ஓர் ஆணைக்கு முன்னால் நிற்பவரை மட்டும் தனியாக விடுவது எந்த ஊர் நியாயம்?

இதை இன்றே சொல்ல வேண்டிய அவசரம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. 1946-இன் வெளிநாட்டினர் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களின் இடத்தில் இப்போது இது ஒன்றுதான். செல்லத்தக்க பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்தால் ஐந்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘நான் வெளிநாட்டவர் இல்லை’ என்று நிரூபிக்கும் பாரம், பழைய சட்டத்தில் இருந்தது போலவே, சம்பந்தப்பட்டவர் தலையில்தான். 1951-இன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் இங்கே இல்லை. ஆகவே அகதியும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான்.

இந்தச் சட்டத்தோடு வந்த விலக்கு ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விடுவித்திருக்கிறது. நல்லது, வரவேற்போம். ஆனால் அது தண்டனையிலிருந்து விடுதலை, அவ்வளவே. குடியுரிமை அதில் இல்லை. பதிவு விட்டுப்போனவர், அந்தத் தேதிக்குப் பின் வந்தவர், ஒருமுறை ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியவர் நிலை என்ன? இவர்களில் ஒவ்வொருவர் கதையும் தனி. அவரவர் காகிதத்தைப் பிரித்துப் படித்துச் சொல்ல ஒரு சட்டம் தெரிந்த ஆள் வேண்டும். முகாம் வாசலில் காதில் விழும் வதந்தி அந்த வேலையைச் செய்யாது.

வக்கீல் வந்தால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 2022-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்த வழக்கைப் பாருங்கள். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண். பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தது. இலங்கை அகதி என்றே வளர்ந்தார், அகதி என்றே அட்டை வைத்திருந்தார். பாஸ்போர்ட் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். நம் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்வது என்ன? 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையே இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அந்தப் பெண் பிறந்த நாள் முதலே இந்தியர்! அதை அவருக்குச் சொல்ல முப்பத்தைந்து ஆண்டு யாரும் இல்லை. சட்டம் தெரிந்த ஒருவர் பிறப்புச் சான்றிதழைப் படித்துப் பார்த்தார், நீதிமன்றத்துக்குப் போனார், நீதிமன்றம் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார்.

இலங்கையில் நடந்த 1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களுக்கு அந்த நான்கு ஆண்டுகளில் இங்கே பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர்? இன்று அவர்கள் நாற்பதை எட்டிக்கொண்டோ தாண்டியோ இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் தாங்கள் குடிமக்கள் என்று அறியாமலே வரிசையில் நின்று பெயர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்? போய்க் கேட்டால்தானே தெரியும்.

கேட்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. நான்கு தேதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள். முதலாவது 1987 ஜூலை 1, மேலே சொன்னது. இரண்டாவது 2004 டிசம்பர் 3. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும், அவரும் குடிமகனே. முகாம் பையனைக் கட்டிக்கொண்ட நம் பக்கத்துப் பெண்ணின் பிள்ளைகளுக்கு இது உயிரான செய்தி. அதற்குப் பின் பிறந்த பிள்ளை என்றால் மற்றொரு பெற்றோர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை வந்துவிடுகிறது, அங்கேதான் வக்கீலின் வாதம் மிகவும் தேவை. மூன்றாவது 2015 ஜனவரி 9, விலக்கு ஆணை குறிக்கும் கடைசித் தேதி. நான்காவது 1964 அக்டோபர் 30, இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்த நாள். அதன்படி ஐந்தேகால் லட்சம் மலையகத் தமிழரை இந்தியா தன் குடிமக்களாக ஏற்க ஒப்புக்கொண்டது. முகாம்களில் இருப்பவர்களில் அந்த வம்சாவளியினரும் உண்டு. 2019 ஜூனில் அப்படிப்பட்டவர்கள் குடியுரிமை கேட்டுப் போட்ட வழக்கில், அவர்கள் விண்ணப்பத்தை மத்திய அரசு பரிசீலித்து முடிவு சொல்ல வேண்டும் என்று மதுரைக் கிளை உத்தரவிட்டது. வழக்கென்று ஒன்று போட்டதால்தான் அந்த உத்தரவு பிறந்தது.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதில்லை. அடைக்கலம் தேடி வந்தவர்களால் பெருமை பெற்ற ஊர் புதுச்சேரி. பாரதி 1908-இல் வந்தார், பத்தாண்டு தங்கினார். அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்தார். வ.வே.சு. ஐயர் வந்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு பிரிட்டிஷ் அரசின் நெருக்கடி இங்கே இறுகியது. வெளியிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், அவர்களுக்கு இந்த ஊரின் கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் ஐவர் கையெழுத்திட்டு நற்சான்று தர வேண்டும் என்று விதி வந்தது. தராவிட்டால் வெளியேற வேண்டியதுதான். அப்போது அரவிந்தருக்காக அலைந்து அந்த ஐந்து கையெழுத்தையும் வாங்கித் தந்தவர் கலவை சங்கர செட்டியார். அவருக்கு அதில் ஆதாயம் எதுவும் இல்லை. தெருவெல்லாம் ஒற்றர்கள் உலவிய காலம் அது. அப்படியும் ஊரில் மதிப்போடு இருந்த ஐந்து பேர், ‘இவருக்கு நாங்கள் பொறுப்பு’ என்று தங்கள் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். அரவிந்தர் பெயரில் ஆசிரமமும் பாரதி பெயரில் பூங்காவும் வைத்துக்கொண்டிருக்கிற நாம் அந்த ஐவர் செய்ததைச் செய்யத் தயங்கினால், அந்தப் பெயர்களைச் சொல்லிப் பெருமைப்பட நமக்கு என்ன தகுதி இருக்கிறது? அன்று கௌரவ மாஜிஸ்திரேட்டின் கையெழுத்துக்கு இருந்த மதிப்பு இன்று வழக்கறிஞரின் வக்காலத்துக்கு இருக்கிறது. போட்டுக் கொடுங்கள்.

இன்னொன்றையும் இந்த ஊர் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவுக்கு ஒப்படைத்த உடன்படிக்கை சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சு நேஷனாலிட்டியை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் தவணை. எழுதிக் கொடுத்த குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸில் இருக்கிறார்கள். அந்த ஆறு மாதம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே அறியாதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தாத்தாவின் பட்டாளத்துக் காகிதங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் வைத்திருக்கிறார்கள். அண்ணன் வீடு பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரின் ‘சொல்தா’ வீடு, தம்பி வீடு அப்படி இல்லை. நடுவே இருந்த வித்தியாசம் பல வீடுகளில் ஒரு மனுவும் அதை எழுதச் சொல்ல ஓர் ஆளும்தான்.

தவணைகளின் காலம் இன்றும் முடிந்துவிடவில்லை. பிரெஞ்சு நேஷனாலிட்டி சான்றிதழ் கேட்டு மறுக்கப்பட்டால், எதிர்த்து நீதிமன்றம் போக இப்போதும் ஆறு மாதம்தான். அதுவும் வக்கீல் மூலமாகத்தான் போக முடியும். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. ஒரு குடும்பம் ஐம்பதாண்டுக்கு மேல் பிரான்சுக்கு வெளியே வாழ்ந்து, விண்ணப்பிப்பவரும், அவருக்கு அந்த உரிமையைத் தர வேண்டிய தாய் அல்லது தந்தையும் பிரெஞ்சுக் குடிமக்களாக நடத்தப்பட்டதற்கு அடையாளமே இல்லாவிட்டால், வம்சத்தைக் காட்டிக் குடியுரிமை கோரும் வழி அடைபடும். நம் ஊருக்கு அந்த ஐம்பதாண்டு 1962 ஆகஸ்டிலிருந்து எண்ணப்படுகிறது, 2012-இலேயே முடிந்துபோயிற்று. பழைய பிறப்புப் பதிவேட்டில் ‘கிச்செனசாமி’ என்று பிரெஞ்சுக் கணக்கில் எழுதப்பட்டவர் ஆதாரில் ‘கிருஷ்ணசாமி’ ஆகியிருப்பார். இருவரும் ஒரே ஆள்தான் என்று முறைப்படி நிறுவவே ஒரு வழக்கு தேவைப்படலாம். இதையெல்லாம் முதல் நாளே சொல்கிறவர் நேர்மையான வக்கீல். ‘பணத்தைக் கட்டுங்க, சான்றிதழ் நான் பார்த்துக்கறேன்’ என்கிறவர் புரோக்கர். அவர் கொண்டுவரும் போலிப் பதிவு ஒன்று அகப்பட்டால் உங்கள் வழக்கோடு நிற்காது. உண்மையான காகிதத்தோடு பின்னால் வருகிற அயல் வீட்டுப் பிள்ளைமீதும் சந்தேகம் விழும். பெற்றோரே, நகையை அடகு வைத்தாவது புரோக்கரிடம் போகிறவர்களே, அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு முதலில் ஒரு வழக்கறிஞரிடம் போங்கள்.

பிரான்சில் தஞ்சம் கேட்டு நிற்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே தஞ்ச விண்ணப்பத்தை நிரப்பி அனுப்ப 21 நாள். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம். அந்த மேல்முறையீட்டுக்கு அரசுச் செலவில் வக்கீல் கேட்க 15 நாள். அங்கே இலவச வக்கீல் உரிமை சட்டத்தில் இருக்கிறது. கேட்கத் தெரியாதவன்தான் இழக்கிறான். உங்கள் மகனோ மருமகனோ போனில் ‘ஒரு லெட்டர் வந்திருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொன்னால், அந்த ‘அப்புறம்’ என்ற சொல்லை அனுமதிக்காதீர்கள். லெட்டரில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று கேளுங்கள். அன்றைக்கே வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசி நிமிடத்தில்கூட ஒரு வக்கீலால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது சாட்சி. பிலோயெலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தை, இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகளோடு, 2019 ஆகஸ்ட் 29 இரவு மெல்போர்னில் விமானம் ஏற்றிவிட்டார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே வக்கீல்கள் நீதிபதியைப் பிடித்து இடைக்காலத் தடை வாங்கினார்கள். டார்வினில் விமானம் இறங்கியது. பிலோயெலா மக்கள் அக்குடும்பத்துக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2022 ஜூனில் குடும்பம் பிலோயெலா திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாத ஒரு கிராமப்புற ஊர் நம் பிள்ளைகளுக்காகச் செய்ததை, தமிழே மூச்சாக இருக்கிற இந்த ஊர் தன் வாசலில் இருக்கிறவர்களுக்குச் செய்ய முடியாதா?

‘சட்டத்தை மீறி வந்தவர்களுக்கு எதற்கு வக்கீல்?’ என்று ஒரு கேள்வி எழும். மீறினாரா என்பதைத் தீர்மானிக்கத்தானே விசாரணை? மண்டபத்தில் பிறந்த அந்தப் பெண் எந்தச் சட்டத்தை மீறினார்? அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு உயிரையும் சுதந்திரத்தையும் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கவில்லை, எல்லா மனிதருக்கும் தருகிறது. 22ஆம் பிரிவு கைதான எவரும் தனக்கு விருப்பமான வக்கீலைக் கலந்து பேசலாம் என்கிறது. சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், குடிமகனோ இல்லையோ, ஒவ்வொரு மனித உயிரையும் காக்க அரசு கடமைப்பட்டது என்று தீர்ப்பளித்தது. 1987-இன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் யார் யாருக்கு இலவச வக்கீல் என்று பட்டியலிடும்போது பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் என்கிறது. குடியுரிமை அட்டை இருக்கிறதா என்று கேட்கவில்லை. வழக்கு நடத்துவது மட்டுமின்றி, சட்ட ஆலோசனை சொல்வதும் அந்தச் சட்டத்தின்படி சட்டப் பணிதான்.

சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். மதுரைக்குப் பிழைக்க வந்த வெளியூர்க்காரன் கோவலன். அவன் கையிலிருந்த சிலம்பு யாருடையது என்று ஒரு விசாரணை நடக்கவில்லை. அவன் பக்கம் பேச ஒருவரும் இல்லை. பொற்கொல்லன் சொல் ஒன்றே போதுமானதாக இருந்தது. பிறகு கண்ணகி ஆதாரத்தோடு அரசவைக்குப் போனாள், வழக்கில் வென்றாள், ஆனால் ஆள் போய்விட்டான். நாடு கடத்தலும் அப்படித்தான். அனுப்பிய பிறகு வருகிற நியாயம் அனுப்பப்பட்டவருக்கு உதவாது. கேட்பது முன்னால் நடக்க வேண்டும்.

இனி, யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

வழக்கறிஞர்களே, கீழ்புத்துப்பட்டு விழுப்புரம் மாவட்டம், நம் எல்லை இல்லை என்று சொல்லாதீர்கள். உங்களுக்கும் விழுப்புரம் வழக்கறிஞர்களுக்கும் பார் கவுன்சில் ஒன்று, உயர்நீதிமன்றம் ஒன்று. 1992-இல் அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேலை மும்முரமாக நடந்தபோது, அவர்கள் விரும்பித்தான் போகிறார்களா என்ற கேள்வி சென்னை உயர்நீதிமன்றத்தில் எழுந்ததற்குக் காரணம், பழ. நெடுமாறன் போன்றவர்கள் வழக்கைக் கொண்டுபோய் நிறுத்தியதுதான். உங்கள் சங்கத்தில் ஐந்து பேர் முன்வாருங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். ஒவ்வொருவரிடமும் ஐந்தே கேள்வி கேளுங்கள்: எங்கே பிறந்தீர்கள், எப்போது பிறந்தீர்கள், அப்பா அம்மா எங்கே பிறந்தார்கள், எப்போது பதிவு செய்தீர்கள், கையில் என்ன காகிதம் இருக்கிறது? பதிலை எழுதி வையுங்கள். மனு எழுத வேண்டியவருக்கு எழுதுங்கள். முடியாதவருக்கு முடியாது என்று உண்மையைச் சொல்லுங்கள். பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள். காசு வாங்காதீர்கள்.

சட்ட மாணவர்களே, பரீட்சைக்காகப் படித்த குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு உங்கள் கல்லூரிக்கு வடக்கே சில கிலோமீட்டரில் உயிரோடு நடமாடுகிறது. போய்ப் பாருங்கள். மூத்தவர்களோடு போங்கள், காகிதங்களை நகலெடுங்கள், தேதிகளை வரிசைப்படுத்துங்கள், பிறப்புப் பதிவு விட்டுப்போன குழந்தைக்கு விண்ணப்பம் நிரப்புங்கள். அங்கே ஒரு தாயிடம் ‘எதில் கையெழுத்துப் போட்டீங்க அம்மா?’ என்று கேட்டால், ‘சைன் வையுங்கோ எண்டவை, வச்சிட்டன் தம்பி’ என்பார். அந்தப் பதில் இனி வரக் கூடாது. படித்துக் காட்டாத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள், நகல் கேளுங்கள், தேதி போடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லுங்கள்.

அதிகாரிகளே, உங்கள் கையில் இருக்கிற ஆணைக்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதைக் கொடுக்கும்போது தமிழில் படித்துக் காட்டுங்கள். வக்கீலைப் பார்க்க நேரம் கொடுங்கள். சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்ற இலவச எண்ணை அதன் அடியிலேயே அச்சிடுங்கள். காளாப்பட்டு மத்தியச் சிறையில் வெளிநாட்டவர் ஒருவர் தண்டனை முடிந்து வெளியே வரப்போகிறார் என்றால், அடுத்து அவர் எங்கே போவார் என்பது முடிவாவதற்கு முன்பே ஒரு சட்ட உதவி வக்கீல் அவரைச் சந்திக்க வழி செய்யுங்கள். நேர்மையான ஆணை எந்த வக்கீலைக் கண்டும் பயப்பட வேண்டியதில்லை.

மற்ற நாமெல்லாம்? அவர்களை வேலைக்கு வைத்திருக்கிறோம், அவர்கள் பிள்ளைகளோடு நம் பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்கள் வீட்டில் பெண் எடுத்திருக்கிறோம், கொடுத்திருக்கிறோம். ‘உங்க காகிதமெல்லாம் சரியா இருக்கா அண்ணே? வக்கீல் யாரையாவது பார்த்தீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய நாளில் கூலியை வெட்டாதீர்கள். தனியாக அனுப்பாமல் கூடப் போங்கள். சட்டம் தெரியாவிட்டாலும், பக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் நின்றால் அலுவலகத்தில் பேச்சின் தொனியே மாறும்; அது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

தஞ்சம் கேட்டு வந்த எல்லாரும் வெல்லப்போவதில்லை. சிலர் வழக்கு சட்டப்படி நிற்காது. அவர்கள் திரும்பித்தான் போக வேண்டியிருக்கும். தோற்பவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லி, கேட்கப்பட்டு, காரணம் எழுதிய தீர்ப்போடு தோற்கட்டும். சொல்லவே ஆள் இல்லாமல் ஒருவரும் தோற்கக் கூடாது. அந்த ஆளாக நாம் இருப்போம். இந்த வாரமே தொடங்குங்கள்.